ஃபுல்லர்டன் ஹோட்டல்ல அப்பாவுக்கு எந்த அறை போடலாம்?

கேள்வி:
அப்பாவுக்கு அடுத்த மாசம் 70 முடியுது. சிங்கப்பூர் ஃபுல்லர்டன்ல ஒரே ஒரு ராத்திரி தங்க வைக்கணும்னு ஆசை. 35 வருஷம் தபால்காரரா சைக்கிள் மிதிச்சவர். அந்தக் கட்டடம் 1928ல பெரிய தபால் நிலையமா திறந்ததுன்னு சொன்னதிலிருந்து தினமும் அதே பேச்சுதான். முழங்கால் வலி இருக்கு, ரொம்ப நடக்க முடியாது. வாடகை கையைக் கடிக்குது, ஆனா விட மனசில்லை.

பதில் 1:
கோர்ட்யார்ட் அறை வேண்டாம் தம்பி. விலை குறைவுதான், ஆனா ஜன்னல்ல பாத்தா உள்முற்றம்தான் தெரியும். ஆத்துப் பக்கம் பால்கனி உள்ள அறையாக் கேளுங்க. பக்கத்துலயே கேவனா பாலம். இப்ப நடக்கிறவங்களுக்கு மட்டும்தான். மாடு, குதிரை போகக் கூடாதுன்னு பழைய பலகை இன்னும் நிக்குது, அப்பாவுக்குக் காட்டுங்க.

பதில் 2:
2001ல ஹோட்டலா மாத்தினப்பவும் வெளியில இருக்கிற பெரிய தூண்களை அப்படியே வெச்சிருக்காங்க. தபால் மூட்டைகளைப் படகுத்துறைக்குக் கொண்டுபோக அங்க தரைக்கு அடியில சுரங்கம் இருந்துச்சு. மொட்டைமாடியில 1958ல கப்பல்களுக்கு வழிகாட்டுற விளக்கும் வெச்சாங்க, இப்ப அது அங்க இல்ல. இதையெல்லாம் போறதுக்கு முந்தியே அப்பாகிட்ட சொல்லிடுங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிண்ணா. ஆத்துப் பக்கமே போட்டுட்டேன். சுரங்கத்தைப் பத்திச் சொன்னதும் அப்பா எழுந்தே உக்காந்துட்டார். அங்கிருந்து நம்ம வீட்டு விலாசத்துக்கு ஒரு கார்டு போடணுமாம். பேனா இப்பவே சட்டைப்பையில இருக்கு.