பிள்ளைங்களும் பெரியவங்களும் சேர்ந்து ஆடற கேம் எது? சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. வீட்டுல நின்டெண்டோ ஸ்விட்ச்னு வீடியோ கேம் மெஷின் இருக்கு. ஏழு வயசுப் பொண்ணு, நான், வீட்டுக்காரர், ஊர்லேருந்து வந்திருக்கற மாமனார், நாலு பேரும் சேர்ந்து ஆடற மாதிரி கேம் சொல்லுங்க. குழந்தைக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடறது வேண்டாம், எங்களுக்கும் பிடிக்கணும்.

இப்போ மரியோ கார்ட் 8 டீலக்ஸ்ங்கற கார் ரேஸ் கேம்தான் ஓடுது. அதுல ஸ்மார்ட் ஸ்டீயரிங்னு ஒண்ணு இருக்கு, போட்டுவிட்டா வண்டி பாதையை விட்டு விழாது. பின்தங்கினவங்களுக்குத்தான் நல்ல ஐட்டம் (முந்திப் போகவும் மத்தவங்களைத் தடுக்கவும் வழியில கிடைக்கற பொருள்) வரும். முதல்ல போறவங்களுக்குப் பெரும்பாலும் வாழைப்பழத் தோலும் காசும்தான். அதனால நாங்க விட்டுக்கொடுக்காமலே பாப்பா கடைசித் திருப்பத்துல முந்திடுவா. மாமனாரே "இன்னொரு ரேஸ் போடும்மா"ன்னு கேக்கறார். இதே மாதிரி வேற எதுல இருக்கு?

ஓவர்குக்ட் 2-ங்கற சமையல் கேம் வாங்கலாமான்னு யோசனை. நாலு பேர் ஆடலாம். காய் நறுக்கணும், வேக வைக்கணும், தட்டு கழுவணும், அடுப்புல பாத்திரத்தை மறந்தா தீப்பிடிச்சுக்கும். ஏழு வயசுக்கு அந்த அவசரம் ஒத்துவருமா? (எங்க வீட்டுல நிஜச் சமையலுக்கே சண்டை வரும், அது வேற கதை.)

இட் டேக்ஸ் டூ-ங்கற இன்னொரு கேம் 2021-ல கேம் அவார்ட்ஸ்ல அந்த வருஷத்தோட சிறந்த கேம் விருது வாங்கினது. ஆனா ரெண்டு பேர்தான் ஆட முடியும், கதையும் பிரியப்போற அப்பா அம்மாவைப் பத்தினது. குழந்தையோட ஆடினவங்க இருந்தா, அவங்க அதை எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்லுங்க.

பட்டன் நிறைய இருந்தா மாமனார் நைசா எழுந்து போயிடுவார். அதையும் மனசுல வெச்சுச் சொல்லுங்க ப்ளீஸ்.