அமெரிக்காவுக்கு வரும் அம்மா அப்பா: முதல் வாரத்தில் எங்கெல்லாம் மாட்டிக்கொள்கிறார்கள்?

பிளானோவாசி:

ஊரிலிருந்து அம்மா அப்பா விசிட்டர் விசாவில் வந்து இறங்கும் சீசன் ஆரம்பித்துவிட்டது. கல்ச்சர் ஷாக் என்று நிறையப் பேசுகிறோம். ஆனால் முதல் வாரத்தில் வம்பு வருவது பெரும்பாலும் மனிதர்களால் இல்லை, வீட்டால். இங்கே அனேக வீடுகள் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அறைந்து கட்டியவை. தண்ணீரும் புகையும் அதற்கு ஆகாது. அந்த ஒரு விஷயத்தை முதல் நாளே புரியவைத்துவிட்டால் பாதி மனஸ்தாபம் குறையும்.

குளியலறையில் தண்ணீர் வடிய இடம் தொட்டிக்குள் மட்டும்தான், வெளியே தரையில் கிடையாது. திரைச்சீலையின் கீழ் முனை தொட்டிக்கு உள்ளே விழ வேண்டும்; வெளியே தொங்கினால் பத்து நிமிடக் குளியலில் தரை நனைந்து, கீழ்வீட்டு விதானத்தில் பழுப்பு வட்டம் விழும். அந்த ரிப்பேர் பில் நம் தலையில். பக்கெட்டும் மக்கும் வாங்கித் தாருங்கள், தப்பில்லை, தொட்டிக்குள்ளேயே வைத்துக் குளிக்கலாம். வழுக்காத ரப்பர் பாய் கட்டாயம் போடுங்கள். வயதானவர்கள் விழுவது அந்த விளிம்பைத் தாண்டும்போதுதான்.

டாய்லெட்டில் கைஸ்பிரே வைக்க பிளம்பர் தேவையில்லை. சுவரோரம் உள்ள வால்வை மூடி, ஒருமுறை ஃபிளஷ் செய்து டேங்கைக் காலி செய்யுங்கள். டேங்கின் அடியில் குழாய் சேரும் இடத்தில் 7/8 அங்குல டி-வால்வை, அதாவது தண்ணீரை ஸ்பிரேக்கும் பிரித்துவிடும் மூவழி வால்வை, திருகி ஸ்பிரேயை இணைத்தால் முடிந்தது. பிளாஸ்டிக் மரையை ஸ்பேனர் போட்டு முறுக்கினால் விரிசல் விடும், கை இறுக்கமே போதும். ஒவ்வொரு முறையும் டி-வால்வை மூடிவிட வேண்டும். திறந்தே விட்டால் ஹோஸில் எப்போதும் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் யாரும் இல்லாதபோது வெடிக்கும்.

அடுத்தது தாளிப்பு. அடுப்புக்கு மேலே மைக்ரோவேவோடு சேர்ந்து வரும் ஃபேன் பல அபார்ட்மென்ட்டுகளில் புகையை வெளியே தள்ளுவதில்லை. வடிகட்டி வழியாக இழுத்து அறைக்குள்ளேயே விடுகிறது. ஃபேனைப் போட்டுவிட்டு மைக்ரோவேவின் மேல்விளிம்பில் கையை வைத்துப் பாருங்கள். காற்று முகத்தில் அடித்தால் அது அந்த ரகம். அப்படியானால் காய்ந்த மிளகாய் கிள்ளிப் போடும் முன்பே ஜன்னலைத் திறந்துவிட வேண்டும்.

அலாரம் அடித்ததும் எல்லோரும் செய்வது வாசல் கதவைத் திறப்பது. அதுதான் கூடவே கூடாது. புகை பொது நடைபாதைக்குப் போனால் அங்கிருக்கும் டிடெக்டர் மொத்தக் கட்டடத்துக்கும் அலாரம் அடித்துவிடும். எட்டு மாடி ஜனமும் பைஜாமாவோடு தெருவில் நிற்க, ஃபயர் எஞ்சின் வந்து சேரும். வாசல் கதவு மூடியே இருக்கட்டும், பால்கனிக் கதவைத் திறங்கள், வீட்டு அலாரத்தின் நடுப்பொத்தானை அமுக்குங்கள், சில நிமிடம் அடங்கும். பேட்டரியைக் கழற்றுவதும் பிளாஸ்டிக் கவர் கட்டுவதும் வாடகை ஒப்பந்தத்துக்கு விரோதம். சாம்பிராணி, கற்பூரம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

எடிசன் மாமி:

சிங்க் மெஷினை விட்டுட்டீங்களே! சிங்க்குக்கு அடியில குப்பையை அரைக்கிற டிஸ்போசல். அது என்னமோ எதைப் போட்டாலும் விழுங்கும்னு நினைச்சுக்கறாங்க. மிஞ்சின சோறு உள்ளே ஊறி உப்பி குழாயை அடைச்சுடும். முருங்கைக்காய் சக்கை, வாழைப்பூ நரம்பு, இஞ்சித் தோல், தேங்காய் நார் இதெல்லாம் உள்ளே சுழலற பாகத்துல சுத்திக்கும். தட்டைக் குப்பைக்கூடையில வழிச்சுட்டுத்தான் சிங்க்ல போடணும்.

உர்ர்னு சத்தம் மட்டும் வந்து சுத்தலைன்னா உடனே ஸ்விட்சை அணைங்கோ. உள்ளே கைவிடவே கூடாது. மெஷினோட அடிப்பக்கம் நடுவுல அறுகோண ஓட்டை இருக்கும். கால் அங்குல ஆலன் கீ விட்டு ரெண்டு பக்கமும் ஆட்டினா இளகிடும். அப்புறம் அதே அடிப்பக்கம் உள்ள சிவப்புப் பொத்தானை அமுக்கி, பச்சைத்தண்ணியைத் திறந்து விட்டுட்டு ஸ்விட்ச் போடலாம்.

ஊர்லேர்ந்து மிக்ஸி கொண்டுவரவங்களுக்கு: இங்கே 120 வோல்ட். நம்ம 230 வோல்ட் மிக்ஸி முனகும், அரைக்காது. சென்னையிலேயே 110 வோல்ட் மாடல்னு கேட்டு வாங்கிடணும். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கறது வேண்டாத வேலை. 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், அதைத் தூக்கவே ஆள் வேணும்.

குளிர்காலத்துல வீடு 68 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 20 செல்சியஸ். அதுல மாவு ரெண்டு நாள் ஆனாலும் பொங்காது. அவன் அடுப்பை (oven) மூட்டாம, உள்ளே இருக்கற பல்பை மட்டும் போட்டு ராத்திரி பூரா வைக்கணும். எல்.இ.டி. பல்புன்னா சூடு வராது, இன்ஸ்டன்ட் பாட்ங்கற கரண்ட் குக்கர்ல யோகர்ட் மோடுதான் கதி. அவன் கதவுல "உள்ளே மாவு இருக்கு"ன்னு சீட்டு ஒட்டுங்கோ. பேரன் பீட்சா போடறேன்னு 425 டிகிரிக்குத் திருகினா பாத்திரமும் போச்சு, மாவும் போச்சு.

டிப்ஸ் விஷயத்துல அப்பாக்கள் பண்ற ரகளை தனிக்கதை. 15 பர்சென்ட் வெச்சாப் போறும்னு நான் சொல்லுவேன்.

ஓஹையோ தமிழன்:

மாமி, 15 பழைய கணக்கு. உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலில் இப்போது 18 முதல் 20. அப்பாக்களுக்கு ஏன் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்: டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய மத்திய அரசுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அது ஏறவே இல்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாதிரி சில மாநிலங்களில் முழுக் கூலி உண்டு, ஆனால் அங்கேயும் டிப்ஸ் எதிர்பார்க்கிறார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை, வழக்கம் அப்படி.

40 டாலர் சாப்பாடு, 8 சதவீத வரி 3.20, டிப்ஸ் 8. மொத்தம் 51.20. டிப்ஸை வரிக்கு முந்தைய தொகைக்குக் கணக்கிட்டால் போதும். கார்டை எடுத்துப் போய் இரண்டு சீட்டோடு வருவார்கள். டிப்ஸையும் மொத்தத்தையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கடைப்பிரதியை வைத்துவிட்டு வர வேண்டும். ஆறேழு பேராகப் போனால் பில்லிலேயே சேர்த்திருப்பார்கள். பார்க்காமல் மேலும் 20 எழுதுகிறவர்கள் ஏராளம். கவுன்டரில் காபி வாங்கும்போது திரையைத் திருப்பிக் காட்டினால் கூச்சப்படாமல் "நோ டிப்" அமுக்கலாம்.

கடையில் 9.99 என்று ஒட்டியிருக்கும் விலையிலும் வரி சேர்ந்திருக்காது. மாநிலம், கவுன்ட்டி, நகரம் என்று அடுக்கடுக்காக ஏறும். ஓரிகனில் விற்பனை வரியே இல்லை. கலிஃபோர்னியாவில் ஆரம்பமே 7.25 சதவீதம்.

இதைவிட முக்கியம் மருத்துவம். விசிட்டர் இன்ஷூரன்ஸில் இரண்டு வகை. ஒன்று ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு போட்டது. பிரீமியம் குறைவு, ஆனால் ஆஸ்பத்திரி பில்லுக்கு முன்னால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இன்னொன்று, டிடக்டபிள் (முதலில் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை) போக மீதியில் பெரும்பங்கைத் தருவது. அதையே எடுங்கள். சர்க்கரை, பிரஷர் இருப்பவர்களுக்கு "முன்பே உள்ள நோய் திடீரெனத் தீவிரமானால்" என்ற பிரிவில் வயது வரம்பு என்ன, தொகை எவ்வளவு என்று பாலிசியில் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மாத்திரைகள் தங்கும் காலம் முழுவதற்கும் ஊரிலிருந்தே வர வேண்டும், பிரிக்காத அட்டையிலேயே, மருந்தின் ஜெனரிக் பெயரோடு டாக்டர் சீட்டும் சேர்த்து. ஊர்ச் சீட்டைக் காட்டி இங்கே மருந்துக்கடையில் வாங்க முடியாது. சாதாரணக் காய்ச்சலுக்கு எமர்ஜென்சிக்கு ஓடாதீர்கள், அர்ஜென்ட் கேர் எனும் சின்ன கிளினிக் போதும். நெஞ்சுவலி, வாய் கோணல், மூச்சுத்திணறல் என்றால் யோசிக்காமல் அவசர உதவி எண் 911. எமர்ஜென்சிக்குப் போனால் ஆஸ்பத்திரி, டாக்டர், ஸ்கேன் பார்த்தவர், லேப் என்று தனித்தனியாகப் பில் வரும். முதல் பில்லைக் கட்டிவிட்டு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

சியாட்டில் மழை:

மனுஷங்க பக்கம் கொஞ்சம்.

எதிர்ல வர்றவங்க "ஹவ் ஆர் யூ" கேட்டா மூட்டுவலியில ஆரம்பிக்கக் கூடாது. "குட், அண்ட் யூ?" சொல்லிட்டு நடக்கணும். நின்னு பதில் கேக்கமாட்டாங்க, அது அலட்சியம் இல்லை.

பூஜைக்குப் பூ. வாக்கிங் போறப்ப பக்கத்து வீட்டுச் செம்பருத்தியைப் பறிக்கறது நம்ம ஊர்ல சகஜம். இங்கே வாசல் மணியிலேயே கேமரா, அரை மணி நேரத்துல ஏரியா குழுவுல வீடியோ வந்துடும். புல்வெளிக்குள்ள காலை வைக்காதீங்க. பூ வேணும்னா வீட்டுக்காரரைப் பார்த்துக் கேளுங்க, பெரும்பாலானவங்க தாராளமாத் தருவாங்க.

அடுத்த வீட்டுக் குழந்தையைக் கன்னம் கிள்றது, தூக்கறது, போட்டோ எடுக்கறது எதுவும் வேண்டாம். நாய்னாலும் கேட்டுட்டுத்தான் தொடணும். பேரனைக் கார்ல உட்கார வெச்சுட்டு "ரெண்டே நிமிஷம், பால் வாங்கிட்டு வந்துடறேன்"னு போறது ரொம்பப் பெரிய தப்பு. பாக்கறவங்க போலீசைக் கூப்பிடுவாங்க, பல மாநிலத்துல அது குற்றம்.

போலீஸ் காரை நிறுத்தினா அப்பா மரியாதைக்காகக் கதவைத் திறந்து இறங்கப் பார்ப்பார். இறங்கவே கூடாது. கை வெளியே தெரியற மாதிரி மடியில இருக்கட்டும், ஓட்டறவர் கை ஸ்டியரிங் மேல. பேப்பர் எடுக்கணும்னா சொல்லிட்டு எடுக்கணும்.

நடைபாதை இல்லாத ரோட்டுல எதிரே வர்ற வண்டியைப் பார்த்தபடி இடப்பக்கமா நடக்கணும். சிக்னல்ல பொத்தானை அமுக்கலைன்னா பல இடத்துல நடக்கறவங்களுக்கு விளக்கு விழவே விழாது.

எடிசன் மாமி:

கறிவேப்பிலையைச் சொல்லணும். பச்சை இலையைப் பெட்டியில மறைச்சுக் கொண்டுவராதீங்கோ. ஆரஞ்சு, எலுமிச்சை மரத்தை அழிக்கற வியாதியைப் பரப்பற பூச்சி அதுலதான் குடியிருக்கும், அதனால தடை. ஏர்போர்ட்ல கேட்டா உள்ளதைச் சொல்லிடணும். சொன்னா பிடுங்கிப் போட்டுட்டு விடுவாங்க, மறைச்சு மாட்டினா அபராதம். இந்தியக் கடையில இங்கே விளைஞ்சதே கிடைக்கறது.

பிளானோவாசி:

ஏர்போர்ட் என்றதும் ஒன்று. பாஸ்போர்ட்டில் விசா பத்து வருடம் என்று இருக்கும். அது தங்கும் காலம் இல்லை. வந்து இறங்கிய ஓரிரு நாளில் சி.பி.பி. (அமெரிக்க சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை) இணையதளத்தில் ஐ-94 எனும் வருகைப் பதிவை எடுத்து, அதில் உள்ள கடைசித் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் ஆறு மாதம் தருவார்கள், சிலருக்குக் குறைத்தும் போடுவார்கள். அந்தத் தேதியைத் தாண்டினால் ஒரு நாளானாலும் அந்த விசா செல்லாது. மகளுக்குப் பிரசவம் தள்ளிப்போகிறது என்று இன்னும் இருக்க வேண்டியிருந்தால், அந்தத் தேதிக்கு முன்பே தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் ஐ-539 படிவம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.