அதே தொட்டியில் இரட்டிப்பு ஓட்டம்: எம்பிஆர் போட்டால் தீருமா?

துவாஸ்வாசி:
சிங்கப்பூரின் உலு பாண்டான் (1961), ஜூரோங் (1974) கழிவுநீர் ஆலைகளைச் செப்பனிடாமல், ஆழச் சுரங்கம் வழியே கழிவுநீர் எல்லாவற்றையும் துவாஸ் புது ஆலைக்கு அனுப்புவதுதான் நீர் வாரியமான பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வழி. அந்த வசதி இல்லாத ஊருக்கு ஒரு கணக்கு. 1970களில் கட்டிய ஆலை, நாளுக்கு 1 லட்சம் கன மீட்டர். காற்று ஊதி நுண்ணுயிரை அழுக்கைத் தின்னவைக்கும் காற்றூட்டத் தொட்டி 25,000, அந்த நுண்ணுயிர்ச் சகதியைப் படியவைக்கும் இறுதி வண்டல் தொட்டி 15,000 கன மீட்டர். 2 லட்சமாக்க வேண்டும். அடி நிலம்கூட மிச்சமில்லை, சுரங்கமும் கிடையாது.

நான் முழு எம்பிஆர் கட்சி, அதாவது சகதியைப் படியவைக்காமல் மெம்பிரேன் என்ற நுண்துளைச் சவ்வால் வடிகட்டும் முறை. சகதி அடர்த்தியை லிட்டருக்கு 3 கிராமிலிருந்து 8 கிராமுக்கு ஏற்றலாம். வண்டல் தொட்டிக்கு வேலை போய்விடும். வெளிவரும் நீர் நேரே ஆர்ஓவுக்கு (எதிர் சவ்வூடுபரவல்) போகலாம், இடையில் நுண்வடிகட்டல் வேண்டாம். உலு பாண்டானில் நாளுக்கு 23,000 கன மீட்டர் எம்பிஆர் 2006இலேயே ஓடியது. இதில் பரிசோதனைக்கு என்ன மிச்சம்?

பம்ப்பாண்டி:
சராசரியை மட்டும் பார்க்கிறீர்கள் அண்ணே. 2 லட்சம் என்றால் மணிக்கு 8,333 கன மீட்டர். காலை உச்சம் ஒன்றரை மடங்கு என்று வைத்தால் 12,500. மெம்பிரேனுக்குச் சதுர மீட்டருக்கு மணிக்கு 28 லிட்டர் கொடுத்தாலும் 4.46 லட்சம் சதுர மீட்டர் வாங்க வேண்டும். பத்து வரிசையில் ஒன்று கழுவலுக்கு நின்றால் மற்ற ஒன்பதும் 31 லிட்டர் இழுக்கும். தினம் அப்படி இழுத்தால் துளைக்குள் அழுக்கு ஏறி உறிஞ்சழுத்தம் கூடும், ஹைப்போகுளோரைட் (குளோரின் கரைசல்) கழுவலும் அடிக்கடி வரும், மெம்பிரேன் ஆயுள் குறையும். உச்சத்துக்காக வாங்கிய மெம்பிரேன் ராத்திரி முழுக்கத் தூங்கும். ஆனால் அதற்கு அடியில் காற்று ஊதுவது நிற்காது.

நுண்சல்லடை:
அதற்கு முன்னால் வாசலைப் பாருங்கள். பழைய ஆலையில் 6 மி.மீ. கம்பிச் சல்லடைதான் இருக்கும். அதில் முடி நீளவாக்கில் நழுவிப் போய்விடும். தொட்டியில் கிண்டக் கிண்ட முடியும் ஈரத்துடைப்பான் நாரும் முறுக்கிக் கயிறாகி, மெம்பிரேன் இழைகளின் மேல்முனையில் சுற்றிக்கொள்ளும். எந்த ரசாயனமும் அதைக் கழற்றாது, தூக்கி வைத்துக் கையால்தான் அறுக்க வேண்டும். அதனால் துளைத்தட்டு வகை, 2 மி.மீ.க்கு மேல் போகாத சல்லடை வேண்டும். ஒன்று பழுதானாலும் மற்றவை உச்ச ஓட்டத்தைத் தாங்க வேண்டும். சல்லடையைச் சுற்றிப் போகும் மாற்றுக் கால்வாயை அடைத்தே ஆக வேண்டும். ஒரே ஒரு மழைநாளில் அதைத் திறந்தால் போதும், கதை முடிந்தது.

இதில் யாரும் பேசாதது நீர்மட்டம். அந்தச் சல்லடை பாதி அடைத்த நிலையில் 30 முதல் 50 செ.மீ. மட்டம் தின்னும். ஈர்ப்பு விசையில் ஓடும்படி கட்டிய ஆலையில் அந்த உயரம் கிடையாது. கால்வாய்ச் சுவரை உயர்த்துவதா, இடையில் பம்ப் போடுவதா என்பதை மெம்பிரேன் பிராண்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும்.

கால்வாய் மூடியைத் திறந்ததும் கான்கிரீட்டில் துளை மாதிரி எடுங்கள். நீர்மட்டத்துக்கு மேலேதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு கந்தக அமிலமாகி அரித்திருக்கும். நல்ல கான்கிரீட்டை இளஞ்சிவப்பாக்கும் ஃபினால்ஃப்தலீன் தெளித்தால் எதுவரை நிறம் மாறவில்லையோ அதுவரை செதுக்க வேண்டும். கம்பியே தெரிந்தால் அங்கே புதுச் சுவர்தான்.

சகதிவயது:
நான் பாதிக்குப் பாதி கட்சி. இங்கே நீர் 30 பாகையை ஒட்டி இருக்கிறது, அமோனியாவை நைட்ரேட்டாக்க 5 நாள் சகதி வயது (சகதி ஆலையில் தங்கும் காலம்) போதும். குளிர்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தொட்டி அளக்காதீர்கள்.

தொட்டியில் பாதி, 12,500 கன மீட்டர், எம்பிஆர். பழைய ஆலை 75 டன் சகதியால் 1 லட்சத்தைக் கையாண்டது. எம்பிஆர் பாதியில் 8 கிராம் வைத்தால் 100 டன், அதே வயதில் 1.33 லட்சம் தாங்கும். மறுபாதியில் வரத்தைத் தொட்டி நெடுகப் பிரித்துப் படிப்படியாக விடும் முறை, சிங்கப்பூரின் சாங்கி ஆலையில் உள்ளது போல. வண்டல் தொட்டியிலிருந்து திரும்பும் சகதி 8 கிராம், அளவு வரத்தில் பாதி, நான்கு இடத்தில் சமமாக வரத்து என்றால் அடர்த்தி 5.3, 4, 3.2, 2.7 என்று இறங்கும். சராசரி 3.8, ஆனால் வண்டல் தொட்டி பார்ப்பது 2.7 மட்டுமே. அந்தப் பாதி சுமார் 63,000 எடுக்கும். கூட்டினால் 1.96 லட்சம்.

எம்பிஆருக்கு ராத்திரி பகல் ஒரே ஓட்டம், உச்சத்தை வண்டல் தொட்டி வாங்கிக்கொள்ளும். 20 லிட்டர் வீதத்தில் 2.8 லட்சம் சதுர மீட்டர் மெம்பிரேன் போதும்.

துவாஸ்வாசி:
தாளில் அழகு. மெம்பிரேன் தொட்டியை எங்கே வைப்பீர்கள்? வண்டல் தொட்டியிலிருந்து 2,300 கன மீட்டராவது பிடுங்க வேண்டும், உச்சத்தை வாங்கவேண்டிய அதே தொட்டி! முழுசாக இருந்தபோதே அது நாளுக்கு 1.5 லட்சம் வேகத்துக்குத்தான் கட்டியது. உங்கள் கணக்கில் 3 லட்ச உச்சத்தில் எம்பிஆர் 1.33 போக 1.67 அங்கே வரும். சகதிப் போர்வை எழும்பி வெளியே வழியும். போதாததற்கு இரண்டு தர நீர். வண்டல் தொட்டி நீரை ஆர்ஓவுக்கு அனுப்ப நுண்வடிகட்டல் மறுபடி வேண்டும்.

சகதிவயது:
இடம் பற்றிச் சொன்னது சரி, அதை நான் விட்டுவிட்டேன். மெம்பிரேனைக் காற்றூட்டத் தொட்டியின் கடைசி அறையிலேயே இறக்கினால் வண்டல் தொட்டி தப்பும், ஆனால் எம்பிஆர் பாதி 1.1 லட்சத்துக்கு இறங்கும். ஆக மொத்தம் 1.7 லட்சம். மீதி 30,000க்கு காற்றூட்டத்துக்கு முந்தைய முதல்நிலை வண்டலைக் கடுமையாக்கிச் சுமையைக் குறைக்க வேண்டும்.

முழு எம்பிஆரிலும் உங்களுக்குக் கட்டுமானச் சிக்கல் உண்டு அண்ணே. வண்டல் தொட்டி சும்மாவாகும் என்கிறீர்கள். எம்பிஆர் ஓடும்வரை அது சும்மாவாகாது, அது காலியாகாமல் அங்கே எம்பிஆரும் கட்ட முடியாது. ஓடும் ஆலையில் நான்கு வரிசை என்று வைத்து, ஒன்றை நிறுத்தி வேலை செய்தால் மற்ற மூன்றும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுமக்கும். வடகிழக்குப் பருவமழையில், டிசம்பரில், அதைச் செய்வீர்களா?

பம்ப்பாண்டி:
மழைநீர் இங்கே தனிக் கால்வாய்தான், ஆனால் பழைய சாக்கடைக் குழாயின் விரிசல் வழியே நிலத்தடி நீர் புகும். இருவரும் என்னுடைய ஒன்றரை மடங்கை வேதவாக்காக எடுத்துக்கொண்டீர்கள். அது 1.8 என்றால் முழு எம்பிஆர் 5.36 லட்சம் சதுர மீட்டர் கேட்கும், பாதிக்குப் பாதியில் வண்டல் தொட்டி தாங்கவே தாங்காது. டிசம்பர், ஜனவரி சேர்த்து மணிவாரி ஓட்டப் பதிவைப் போடுங்கள், அப்புறம் பேசுவோம்.