மணிவிழா குழு: புதன்கிழமை காலை

கார்த்தி, 7:12
[படம்]
தோட்டத்துக்கு வந்துவிட்டேன். நீச்சல் குளம் இப்படிக் கிடக்கிறது. இரண்டாவது படிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

தேவி
அடக் கடவுளே

நிர்மலா மெல்போர்ன்
கீரை கடைந்து ஊற்றிய மாதிரி இருக்கிறதே

ருக்குமணி பெரியம்மா
ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். கேரளாவில் குளத்தில் குளித்த பிள்ளைகளுக்கு மூளைக்குள் அமீபா போய்விட்டது என்று நேற்று ஒரு செய்தி வந்தது. நிஜமா சண்முகம்?

சண்முகம் சித்தப்பா, 7:31
நிஜம்தான் அண்ணி. 2024-ல் மே, ஜூன், ஜூலைக்குள் மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். ஒரு பையனை நேரத்தோடு கண்டுபிடித்துக் காப்பாற்றினார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தால் வராது, மூக்கு வழியாக ஏறினால்தான் வரும். குளோரின் சரியாக நிற்கிற குளத்தில் அந்தக் கிருமி பிழைக்காது. ஆனால் பாசி பிடித்திருக்கிறது என்றாலே நம் குளத்தில் குளோரின் நிற்கவில்லை என்று அர்த்தம். கார்த்தி, யாரும் காலைக்கூட நனைக்க வேண்டாம்.

கார்த்தி
சரிங்க. ஆனால் மாரிமுத்து அண்ணன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறாராம். தை மாதத்திலிருந்து ஒரு தடவைகூட விட்டதில்லை என்று சத்தியம் செய்கிறார்.

சண்முகம் சித்தப்பா
அவர் பொய் சொல்லவில்லை. மாத்திரையால் வந்த வினைதான் இது.

தேவி
புரியவில்லையே

சண்முகம் சித்தப்பா, 7:44
அந்த 200 கிராம் மாத்திரையில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்தே வருகிறது. அது குளோரினுக்குக் குடை மாதிரி. குடை இல்லையென்றால் நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்தில் குளோரினில் பெரும்பகுதி போய்விடும். அதனால் 30-லிருந்து 50 பிபிஎம் வரை, அதாவது லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம், அது வேண்டும். சிக்கல் என்னவென்றால் குளோரின் செலவாகிவிடும், குடை செலவாகாது. மாத்திரை போடப் போட அது தண்ணீரிலேயே தங்கிச் சேரும். நம் குளம் எட்டு மீட்டருக்கு நாலு, சராசரி ஆழம் ஒன்றேகால், மொத்தம் 40,000 லிட்டர். மாரிமுத்து போடுகிற கணக்குக்கு இரண்டு மாதத்தில் 80 ஏறும். இப்போது வைகாசி. 150-ஐத் தொட்டிருக்கும். அத்தனை குடைக்கு அடியில் போய் நின்றுகொண்டால் குளோரின் எப்படி வேலை செய்யும்? இன்னும் பத்து மாத்திரை போட்டாலும் பச்சை போகாது. முக்கால்வாசித் தண்ணீரை இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். வேறு வழி இல்லை.

நிர்மலா மெல்போர்ன்
இங்கே எங்கள் வீட்டில் உப்புதான் சித்தப்பா. குளோரினே கிடையாது. கண் எரியாது. அதற்கு மாறிவிடலாமே

சண்முகம் சித்தப்பா
நிம்மி, அந்த உப்பிலிருந்து உங்கள் வீட்டுப் பெட்டி மின்சாரத்தால் பிரித்து எடுப்பதே குளோரினைத்தான். நல்ல முறை, நான் மறுக்கவில்லை. லிட்டருக்கு மூன்று கிராம் சொச்சம் உப்பு, நமக்கு 130 கிலோ ஆகும். ஆனால் மோட்டார் ஓடுகிற நேரம்தான் அது குளோரின் தரும். தோட்டத்தில் மின்சாரம் நிற்கிற லட்சணம் உனக்கே தெரியும். அப்புறம், கண் எரிவது நல்ல குளோரினால் இல்லை. வியர்வையும் மூத்திரமும் கலந்து கெட்டுப்போன குளோரினால். மூக்கைத் துளைக்கிற அந்த வாசமும் அதுதான். வாசம் தூக்கலாக இருந்தால் மருந்து நிறையப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கக் கூடாது, போதவில்லை என்று அர்த்தம்.

கோமதி அத்தை
சமையல்காரர் இலைக் கணக்குக் கேட்கிறார். 180 சொல்லட்டுமா 200 சொல்லட்டுமா

ருக்குமணி பெரியம்மா
200

தேவி
180 போதும் அம்மா. நிச்சயதார்த்தத்துக்கு எவ்வளவு மிஞ்சியது

ருக்குமணி பெரியம்மா
மிஞ்சினால் மிஞ்சட்டும்

கார்த்தி, 8:05
[படம்]
மோட்டார் அறை இதுதான். எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் சித்தப்பா.

சண்முகம் சித்தப்பா
அந்தச் சிவப்பு மக் எதற்கு?

சண்முகம் சித்தப்பா
பிளீச்சிங் பவுடர் மூட்டைக்கும் மாத்திரை வாளிக்கும் நடுவில் இருக்கிறதே, அது. இரண்டுக்கும் அதே மக்கா?

கார்த்தி
ஆமாம் போல. அடியில் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. மாத்திரைத் தூளும் இருக்கிறது.

சண்முகம் சித்தப்பா, 8:09
கார்த்தி, மக்கை ஒரு வாளி நிறையத் தண்ணீரில் முக்கிக் கழுவி வெளியே எறி. இரண்டும் குளோரின்தானே என்று நினைக்காதே. கொஞ்சம் ஈரத்தோடு இரண்டும் சேர்ந்தால் சூடேறித் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பக்கத்திலேயே ஆசிட் கேன் வேறு நிற்கிறது. அது பவுடரில் சிந்தினால் கிளம்புவது குளோரின் வாயு, முதல் உலகப் போரில், 1915-ல், பெல்ஜியத்தின் ஈப்ரு போர்முனையில் திறந்துவிட்டது இதைத்தான். மாத்திரைக்கு ஒரு அறை, பவுடருக்கு வேறு அறை, ஆசிட் இரண்டுக்கும் தள்ளி. மூன்றுக்கும் தனித்தனி மக். இதை முடித்துவிட்டு எழுது, மற்றதை அப்புறம் பேசலாம்.

ருக்குமணி பெரியம்மா
பார்த்துக் கண்ணு. மூக்கில் துணி கட்டிக்கொள்

கார்த்தி, 8:26
மாற்றிவிட்டேன். மக்கை எறிந்துவிட்டேன்.

தேவி
சித்தப்பா, அந்தச் சுடுதண்ணீர்த் தொட்டி?

பிரகாஷ் மாப்பிள்ளை
தொட்டி சுத்தமாக இருக்கிறது மாமா. போன வாரம் பார்த்தேன், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

சண்முகம் சித்தப்பா, 8:34
மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதீர்கள். பச்சைக் குளத்தைவிட அந்தக் கண்ணாடித் தண்ணீரைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். பச்சைத் தண்ணீரில் எவரும் இறங்க மாட்டார்கள், அதில் நம்பி இறங்குவார்கள். தொட்டி 1,200 லிட்டர். நாலு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 300 லிட்டர். குளத்தில் பன்னிரண்டு பிள்ளைகள் குதித்தாலும் ஆளுக்கு 3,300. சூட்டில் வியர்வை கூடும், குளோரின் சீக்கிரம் தீரும், காற்றுக் குழாய்களுக்குள் வழவழவென்று படலம் கட்டும். பொங்கலுக்கு அதில் என்ன மருந்து போட்டிருந்தீர்கள்?

பிரகாஷ் மாப்பிள்ளை
விற்றவர்கள் முதல் மூன்று மாதம் எதுவும் தேவையில்லை என்றார்கள் மாமா

சண்முகம் சித்தப்பா
தேவி, பொங்கலுக்குப் பாப்புவுக்குப் பொரிப்பொரியாக வந்ததே, எந்த இடத்தில்?

தேவி
இடுப்பிலும் தொடையிலும். நீச்சல் உடை போட்டிருந்த இடம் முழுக்க. இரண்டு நாள் கழித்து வந்தது. சிவப்பாக, நடுவில் சீழ் முனை.

சண்முகம் சித்தப்பா
அது சூடோமோனாஸ் கிருமி. மயிர்க்காலுக்குள் போய் உட்காரும். ஈரத்துணி ஒட்டியிருக்கிற இடத்தில்தான் அதிகம் வரும். மருந்து இல்லாத சுடுதண்ணீர்த் தொட்டியில் இருந்து வருகிற பொரி அப்படித்தான் இருக்கும்.

கோமதி அத்தை, 8:41
அப்படியானால் என் காளான் பிரியாணி இல்லை

கார்த்தி
அத்தை

கோமதி அத்தை
நாலு மாதம். சித்திரைக்கு நான் செய்து கொண்டுவந்ததைப் பிள்ளைகள் தட்டில் வைக்கவே விடவில்லை. காளான் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் சொன்னீர்கள். அதே காளானை நானும் உங்கள் மாமாவும்தான் சாப்பிட்டோம், எங்களுக்கு ஒன்றும் வரவில்லையே என்று கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை.

தேவி
அத்தை, தப்பு என்மேல். நான்தான் முதலில் சொன்னேன்.

பிரகாஷ் மாப்பிள்ளை
சின்னம்மா, தொட்டியை வாங்கியது நான். மன்னித்துவிடுங்கள்.

ருக்குமணி பெரியம்மா
கோமதி, பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறேன். இதில் எழுத வரவில்லை

நிர்மலா மெல்போர்ன்
❤️

சண்முகம் சித்தப்பா, 8:58
மாப்பிள்ளை, தொட்டியை விற்க வேண்டாம், முறையாகப் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு புரோமின் பொருந்தும், சூட்டில் குளோரினைவிடத் தாக்குப்பிடிக்கும். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி சொல்கிற அளவு, சுடுதண்ணீர்த் தொட்டிக்குக் குளோரின் என்றால் குறைந்தது 3 பிபிஎம், புரோமின் என்றால் 4-லிருந்து 8. சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. முதலில் குழாய்ப் படலத்தைக் கரைத்து வெளியேற்றிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது நடக்காது. மூடியைப் பூட்டிவிடுவோம்.

பிரகாஷ் மாப்பிள்ளை
எங்கள் சித்தப்பா பையன்கள் கோவையிலிருந்து அதற்காகவே வருகிறார்கள் மாமா

தேவி
வந்தால் என்ன. சுகன்யா ஏழு மாதக் கர்ப்பிணி, அவளும் வருகிறாள். பூட்டுங்கள்.

பிரகாஷ் மாப்பிள்ளை
மாலையில் பேசிக்கொள்ளலாம்

கார்த்தி, 9:10
சித்தப்பா, குளோரின் பார்க்கிற பெட்டி கிடைத்தது. சிறு குழாயில் தண்ணீர் எடுத்து, குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் காட்டுகிற டிபிடி சோதனை மாத்திரையை நசுக்கிப் போட்டேன். நிறம் துளியும் வரவில்லை. பிஎச் 8.2, காரம் கூடியிருக்கிறது. ஆனால் 30,000 லிட்டர் புதுத் தண்ணீர் எங்கிருந்து? பங்குக் கிணற்றில் வியாழன், வெள்ளி வடக்குத் தோட்டத்து முறை.

கார்த்தி
செல்வராசு பெரியப்பா, பார்க்கிறீர்களா

தேவி
இரண்டு நீல டிக் வந்துவிட்டது

நிர்மலா மெல்போர்ன்
போட்டோகிராபருக்கு முன்பணம் யார் கொடுத்தது?

வடக்குத் தோட்டம் செல்வராசு, 9:37
குளம் வெட்டும்போது என்னைக் கேட்டீர்களா? அந்த இடத்தில் அப்பாரு வைத்த நெல்லி மரம் நின்றது.

சண்முகம் சித்தப்பா
கேட்டிருக்க வேண்டும் அண்ணா. அன்றைக்கு நான் ஊரில் இருந்திருந்தால் மரத்தை வெட்ட விட்டிருக்க மாட்டேன். இப்போது பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்.

வடக்குத் தோட்டம் செல்வராசு, 9:52
வெள்ளி விடியற்காலை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை மோட்டார் போட்டுக்கொள்ளட்டும். அதற்கு மேல் வாழைக்கு வேண்டும். இறக்குகிற தண்ணீர் என் வரப்புப் பக்கம் வரக் கூடாது.

கார்த்தி
நன்றிங்க பெரியப்பா 🙏 நம் தென்னைக்குத் திருப்பிவிடுகிறேன்

சண்முகம் சித்தப்பா, 10:03
கார்த்தி, கவனமாகப் படி. நாளைக்கு இறக்கு, சுவரை பிரஷ் போட்டுத் தேய். வெள்ளி காலை நிரப்பியதும் முதலில் பிஎச்சை 7.4-க்குக் கொண்டு வா. 8.2-ல் குளோரினில் ஐந்தில் ஒரு பங்குகூட உருப்படியாக வேலை செய்யாது. ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்று, ஆசிட்டில் தண்ணீர் ஊற்றாதே. பகலில் ஒன்றே முக்கால் கிலோ பிளீச்சிங் பவுடரை நாலைந்து வாளித் தண்ணீரில் பிரித்துக் கரைத்து மூடாமல் தெளிய வை. சுண்ணாம்பு அடியில் தங்கும். பொழுது இறங்கியபின் மேல்தெளிவை மட்டும் குளத்தைச் சுற்றி ஊற்று, இரவு முழுக்க பில்டர் ஓடட்டும். மாத்திரை ஒன்றுகூட வேண்டாம். ஞாயிறு காலை நானே வந்து அளக்கிறேன். குளோரின் 2-க்கும் 4-க்கும் நடுவில் நின்று, அடியில் இருக்கிற வடிகால் மூடி தெளிவாகத் தெரிந்தால்தான் பிள்ளைகள் இறங்கலாம். வயிற்றுப்போக்கு இருந்த பிள்ளை எதுவாக இருந்தாலும் இறங்கவே கூடாது, சில கிருமி குளோரினிலும் நாள்கணக்கில் கிடக்கும்.

தேவி
தெரியாவிட்டால்?

சண்முகம் சித்தப்பா
அன்றைக்குக் குளம் இல்லை

கோமதி அத்தை, 11:24
அண்ணி பேசினார்கள். இலை 200 சொல்லிவிட்டேன். காளான் எத்தனை கிலோ வாங்கட்டும்?

பிரகாஷ் மாப்பிள்ளை
எனக்கு இரண்டு தட்டு சின்னம்மா

கார்த்தி
தொட்டி மூடிக்குப் பூட்டு வாங்கவா வேண்டாமா? ஆனைமலைக் கடைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்