குழந்தையின் கால் நகங்களைப் பாதுகாப்பாக வெட்டுவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஐந்து மாதப் பெண் குழந்தைக்குக் கால் நகம் வெட்டுவது குறித்து, அனுபவமுள்ளவர்களிடம் ஆலோசனை கேட்கிறேன். கை நகங்களில் சிரமமில்லை. குளிப்பாட்டியபின் நகம் இளகியிருக்கும்போது, விரல் நுனிச் சதையைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறேன். கால் நகங்களோ காகிதம்போல் மெல்லியவையாக, ஓரங்களில் சதை மேடிட்டு மூடியபடி இருப்பதால், நகம் எங்கே முடிந்து தோல் எங்கே தொடங்குகிறது என்பதே தெரிவதில்லை. ஓரங்களை வளைத்து வெட்டினால் நகம் சதைக்குள் வளரக்கூடும் என்பதால் நேராகவே வெட்டுகிறேன். ஆனால் கட்டைவிரலில் எஞ்சும் கூர்முனை காலுறையில் மாட்டிக்கொள்கிறது. அதை மட்டும் நகம் தேய்க்கும் அட்டையால் மழுக்கினால் போதுமா?

பல்லால் கடித்து எடுக்கும்படி என் மாமியார் சொல்கிறார். அவருடைய அக்கறை புரிகிறது. ஆயினும் வாயிலுள்ள கிருமிகள் சிறு கீறல் வழியாகப் புகுந்துவிடக்கூடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. தூங்கும்போது வெட்டலாம் என்றால், பாதத்தைத் தொட்டவுடனே காலை உதறி இழுத்துக்கொள்கிறாள். பாலூட்டும் நேரத்தில் வேறொருவர் வெட்டுவது உங்களில் யாருக்காவது கைகொடுத்ததா? விரலோரம் சிவந்து வீங்கினால் உடனே மருத்துவரிடம் காட்டுவேன். இப்போது அப்படி எதுவுமில்லை. நீங்கள் பின்பற்றிய முறையையும் பயன்படுத்திய கருவியையும் விளக்கமாக எழுதினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.