பார்ட்டி போட்ட பணம் எந்த பில்லுக்கு? டாலி தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். திருப்பூரில் ஒரு எம்பிராய்டரி ஜாப் ஒர்க் யூனிட்டில் கணக்கு பார்க்கிறேன். சாஃப்ட்வேர் டாலி பிரைம்தான். பேங்க் வரவை பில்லோடு பொருத்துவது மாதாமாதம் தலைவலியாக இருக்கிறது.

பில் 50,000 என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்து 52,500. ஜிஎஸ்டி நீங்கலான தொகைக்கு 2 சதவீதம் டிடிஎஸ் (பார்ட்டி பிடித்து நம் பேரில் அரசுக்குக் கட்டும் வருமான வரி), அதாவது 1,000 போக 51,500 வர வேண்டும். இதுவரை சரி. ஆனால் பார்ட்டிகள் மூன்று நான்கு பில்லைச் சேர்த்து, டேமேஜ் பீஸுக்கென்று ஏதோ கழித்துக்கொண்டு, ஒரே நெஃப்டாக (பேங்க் டிரான்ஸ்ஃபர்) அனுப்புகிறார்கள். கழித்ததற்கான சீட்டு, அதாவது டெபிட் நோட் கேட்டால் "அனுப்பிடுறோம்ங்க" என்பதோடு சரி. சிலர் சிஸ்டர் கன்சர்ன் (அவர்களுடைய இன்னொரு நிறுவனம்) கணக்கிலிருந்து போட்டுவிடுவார்கள். ஸ்டேட்மென்ட்டில் யுடிஆர் நம்பரும் (டிரான்ஸ்ஃபர் அடையாள எண்) பழக்கமில்லாத பெயரும்தான் இருக்கும்.

புரியாத வரவை இப்போதைக்கு எந்த பில்லோடும் சேர்க்காமல் 'ஆன் அக்கவுன்ட்' என்று போட்டு வைக்கிறேன். பேங்க் பேலன்ஸ் ஒத்துப்போகிறது, ஆனால் பாக்கிப் பட்டியலில் பழைய பில்லெல்லாம் அப்படியே நிற்கிறது. முதலாளி அதைப் பார்த்துப் போன் போட்டால், "அது எப்பவோ கொடுத்தாச்சே" என்று அங்கிருந்து சண்டை.

டிடிஎஸ்ஸை ரசீது போடும்போதே ஜர்னலில் எடுக்கிறீர்களா, வருமான வரித்துறையின் டிடிஎஸ் பட்டியலான 26ஏஎஸ்-இல் ஏறிய பிறகா? டெபிட் நோட் வராத கழிவை எங்கே வைப்பது? பணம் போட்ட அன்றே பார்ட்டியிடம் பில் விவரம் வாங்க யாராவது வழி கண்டிருக்கிறீர்களா? சாஃப்ட்வேரை மாற்றச் சொல்லாதீர்கள், முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார்.