ரைஃபிள் தோட்டா வீட்லயே ரீலோட் பண்ண ஆசை, முதல்ல எதை வாங்குறது?

காலிகேஸ்:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா ரேஞ்சுக்குப் போறேன், என்னோடது 308 வின்செஸ்டர் ரகத் தோட்டா போடுற ரைஃபிள், ஒவ்வொரு தடவையும் போல்ட்டை கையால இழுக்குற போல்ட் ஆக்‌ஷன், லைசன்ஸ் இருக்கு, நான் இருக்குற இடத்துல ரீலோட் பண்ண, அதாவது சுட்ட கூட்டுல புதுசா பவுடர் புல்லட் போட்டு மறுபடி தோட்டா ஆக்க, சட்டம் விடுதான்னும் கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன். சுட்டு முடிச்ச காலி கேஸ் (தோட்டாவோட உலோகக் கூடு) ஒரு டப்பா ரொம்பிருச்சு, தூக்கிப் போட மனசு வரல. ஒரே இழுப்புல பல வேலை செய்யுற ப்ரோக்ரெஸிவ் பிரஸ் ஒண்ணு வாங்கி மடமடன்னு ஓட்டினா காசு மிச்சம் ஆகுமா? அப்படியே யாராவது உங்க லோடு, அதாவது பவுடர் அளவு, எத்தனை கிரெயின்னு சொன்னீங்கன்னா அதையே போட்டுக்கிறேன்.

பழைய இரும்பு:
தம்பி, அந்த கடைசி வரிய முதல்ல அழிச்சிடு. ஊரான் லோடை வாங்கிப் போடுறது அடுத்தவன் மூக்குக்கண்ணாடிய மாட்டிக்கிட்டு வண்டி ஓட்டுற மாதிரி. ஒரு கம்பெனி கேஸ் சுவர் தடிமனா இருக்கும், உள்ள இடம் கம்மி, அதே பவுடர் அளவுக்கு ப்ரஷர் எகிறிடும். பவுடர் கம்பெனி, புல்லட் கம்பெனி போடுற மேனுவலை வாங்கு, அதுல போட்டிருக்குற ஸ்டார்ட் லோடுல, அதாவது குறைஞ்ச அளவுல, ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏறு, போல்ட் தூக்க மக்கர் பண்ணாலோ கேஸ் அடியில பவுடரைப் பத்த வைக்குற பிரைமர் சப்பையா நசுங்கியிருந்தாலோ அங்கயே நிறுத்திடு.

ப்ரோக்ரெஸிவ் இப்ப வேணாம். சிங்கிள் ஸ்டேஜ் போதும், ஒரு தடவ கைப்பிடிய இழுத்தா ஒரே வேலைதான் நடக்கும், அதனால தப்பு நடந்தா உடனே கண்ணுல படும். மிச்சமாகுற காசை தராசுல போடு. ஒரு கிராமுக்கு கிட்டத்தட்ட 15.4 கிரெயின், நமக்கு 0.1 கிரெயின் வரைக்கும் காட்டணும், சமையல்கட்டு தராசெல்லாம் கிட்டயே வராது. எடைக்கல் வச்சு சரி பார்த்துட்டுதான் ஆரம்பிக்கணும், ஃபேன் காத்து பட்டாலே எலக்ட்ரானிக் தராசு ஆடும்.

டை மாட்டிக்கிச்சு:
என் பேரைப் பாத்தாலே கதை புரிஞ்சிருக்கும் 😅 முதல் நாள் லூப் (வழுக்க வைக்குற மசை) தடவாம ஒரு கேஸை, அதைப் பழைய அளவுக்கு அழுத்திக் கொண்டு வர்ற சைஸிங் டைக்குள்ள ஏத்திட்டேன், ஏறுச்சு, இறங்கல, பலம் கொடுத்து இழுத்தா அடி விளிம்பு பிஞ்சு வந்துருச்சு, கேஸ் உள்ளயே நின்னுடுச்சு. துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் விட்டு இழுத்து எடுக்க ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. அதுக்காக லூபை அப்பிடாதீங்க, கேஸ் கழுத்துக்குக் கீழ சரியுற ஷோல்டர்ல குழி விழும், லேசா விரல்ல தடவினா போதும்.

சைஸ் பண்ணதும் கேலிப்பர்ல நீளம் பாருங்க ப்ரோ. 308க்கு கேஸ் நீளம் அதிகபட்சம் 51.18 மில்லிமீட்டர், அதைத் தாண்டினா ட்ரிம் பண்ணணும், இல்லன்னா கேஸ் கழுத்து சேம்பர் (துப்பாக்கில தோட்டா உட்காருற இடம்) முனைல இடிச்சு புல்லட்டை இறுக்கிப் பிடிச்சுக்கும், ப்ரஷர் ஏறும்.

ரேஞ்ச்பித்தன்:
காசு மிச்சமா? ஹாஹா. ஒரு தோட்டாவுக்கு ஆகுற செலவு குறையும்தான், ஆனா மறுபடி பயன்படுறது கேஸ் மட்டும்தானே, பிரைமர் பவுடர் புல்லட் மூணும் ஒவ்வொரு தடவையும் புதுசு, அதுக்கு மேல முன்னவிட ரெண்டு மடங்கு சுடுவீங்க. குரூப் (டார்கெட்ல குண்டு விழுந்த ஓட்டைங்க கூட்டம்) சுருங்குறதைப் பாக்குற சந்தோஷத்துக்காகன்னா தாராளமா வாங்க.

மேசை மேல எப்பவும் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கணும், வேலை முடிஞ்சதும் மிச்சத்தை அதே டப்பால கொட்டி மூடிடுங்க. கண்ணாடி போட்டுக்குங்க, பக்கத்துல சிகரெட் கூடாது, போன்ல பேசிக்கிட்டே பவுடர் போடவே போடாதீங்க. முடிச்சதும் கை கழுவுங்க, ஈயம் இருக்கு.

காலிகேஸ்:
சரிங்கண்ணே, சிங்கிள் ஸ்டேஜ்தான். இன்னொரு டவுட், சில கேஸ்ல அடிப்பக்கம் விளிம்புக்குக் கொஞ்சம் மேல சுத்தி ஒரு பளபளப்பான கோடு தெரியுது. தேய்ச்சா போகல.

பழைய இரும்பு:
நல்லவேளை கேட்ட. பேப்பர் கிளிப்பை நிமித்தி நுனிய மட்டும் சின்னதா வளைச்சு கேஸ் வாய் வழியா உள்ள விட்டு, அந்தக் கோடு இருக்குற இடத்துல சுவரோட உரசி மேல இழுத்துப் பாரு. பள்ளத்துல விழுற மாதிரி தட்டுச்சுன்னா உள்ள உலோகம் இழுபட்டு மெலிஞ்சிருக்கு, அடுத்த வெடில ரெண்டா பிஞ்சிடும். பிளையர்ல வாயை நசுக்கி குப்பைல போட்டுடு. டப்பால இருக்குற மத்த கேஸையும் ஒவ்வொண்ணா இப்படிப் பாத்துட்டு பிரஸ் வாங்கப் போ.